வலது கை ஸ்பூன்

1

எங்கள் கடையில் ஜாடி மூடியைத் திறப்பதற்கென்றே பதினோரு விதமான சாமான்கள் இருக்கின்றன. சிரிக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் சிரித்தவன்தான். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் ஊறுகாய் பாட்டில் மக்கர் பண்ணினால் கதவிடுக்கில் கொடுத்து ஒரு திருகு திருகுவோம். அதற்கும் மசியவில்லையென்றால் எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம். இங்கே ராட்டர்டாமில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டவே முன்கூட்டி நாள் கேட்க வேண்டும். அதனால் மூடி திறக்கும் சாமான் நன்றாக விற்கிறது.

நான் முதலாளி இல்லை, கவுண்டரில் நிற்பவன். கப்பலில் எலக்ட்ரீஷியனாக இந்தத் துறைமுகத்துக்கு வந்து, முதுகு பிசகிக் கரையேறி, இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. கடை, கையில் பலம் குறைந்தவர்களுக்கானது. சட்டைப் பொத்தானை இழுத்து மாட்டும் கம்பிக் கொக்கி, சாவியைத் திருப்ப ஒரு பெரிய பிடி, கெட்டிலைத் தூக்காமலே சாய்க்கும் தாங்கி, ஒரே கையால் வெங்காயம் நறுக்க ஆணி வைத்த பலகை, தடித்த பிடி போட்ட ஸ்பூன், கத்தி, பேனா. கை நன்றாக இருப்பவன் கண்ணுக்கு இதெல்லாம் விளையாட்டுச் சாமான். கை போனவனுக்கு, காலையில் எழுந்து யாரையும் கூப்பிடாமல் சட்டை போட்டுக்கொள்ளும் சமாச்சாரம்.

நேற்று ஒரு பெரியவர் மனைவிக்காக ஸ்பூன் கேட்டு வந்தார். எங்களிடம் ஒரு படிவம் இருக்கிறது. இந்த நாட்டில் படிவம் இல்லாமல் மழைகூடப் பெய்யாது. அதில் முதல் கேள்வி, பலமான கை எது என்பது. அதைக் கேட்டு எழுதிவிட்டு, "அம்மா எந்தக் கையால் சாப்பிட விரும்புவார்?" என்று கேட்டேன். பெரியவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சக ஊழியப் பெண்ணும் பார்த்தாள். அப்படி ஒரு கேள்வி படிவத்தில் கிடையாது. பலமான கைதானே சாப்பிடும் கை, இதில் விருப்பம் எங்கே வந்தது என்று அவள் அப்புறம் கேட்டாள்.

அந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்டது தண்டையார்பேட்டையிலும் சாத்தாங்காட்டிலும். என் அண்ணன் மகள் ரிஸ்வானாவுக்கு நிக்காஹ் ஆகி இந்த வெள்ளிக்கிழமையோடு ஒரு வருஷம். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

2

ரஹீம் அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரியிலிருந்து தகடு இறக்கும் கோஷ்டிக்கு மேஸ்திரி. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், கொக்கி நழுவித் தகட்டுக்கட்டு சரிந்து அவர் வலது கையின் மேல் உட்கார்ந்தது. ஆபரேஷன் எல்லாம் ஆனது. அஞ்சு விரலும் அஞ்சாகவே இருக்கின்றன. ஆனால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது, மணிக்கட்டு வாய்ப்பக்கம் திரும்பாது.

அஞ்சு விரலும் இருந்ததே ஒரு பேஜாராகப் போயிற்று. ஊனச் சான்றிதழுக்குப் போன இடத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரல் எல்லாம் இருக்கிறதே என்றாராம். அண்ணன் அந்த மேசையில் கிடந்த பேனாவை எடுக்கப் போய், அது கீழே விழ, மேசைக்காரரே குனிந்து எடுத்துக்கொண்டு, அடுத்த மாசம் வாங்க என்றாராம். இதை போனில் சொல்லிவிட்டு அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாத்திமா அண்ணி லேசுப்பட்டவர் இல்லை. அண்ணனால் கைலியை இறுக்கிச் செருக முடியவில்லை என்றதும், எல்லாக் கைலிக்கும் இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துவிட்டார். டூத் பிரஷ்ஷில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார். குழாய்த் திருகில் ஒரு மரக்கட்டையை வைத்துக் கட்டி, முழங்கையால் தள்ளினாலே தண்ணீர் வரும்படி செய்தார். எங்கள் கடையில் அட்டைப்பெட்டியில் போட்டு விற்கிற பாதிச் சாமானை, படம்கூடப் பார்க்காமல், தண்டையார்பேட்டையில் ஒரு பொம்பளை கண்டுபிடித்து வைத்திருந்தார். அவர் தோற்ற இடம் ஒன்றே ஒன்றுதான். சாப்பாடு.

சோற்றைப் பிசையலாம், உருட்ட முடியாது. உருட்டினாலும் வாய்க்குப் போகும் வழியில் கொட்டிவிடும். டியூப் சுற்றிய ஸ்பூனும் அப்படியே, மணிக்கட்டு திரும்பாததால் பாதி வழியில் சாய்ந்துவிடும். கடைசியில் அண்ணி கதவைச் சாத்திக்கொண்டு ஊட்டிவிட ஆரம்பித்தார். அன்றிலிருந்து அண்ணன் வெளியில் ஒரு வாய் சாப்பிடவில்லை. கல்யாணம், காதுகுத்து, நோன்பு திறப்பு, எதற்கும் இல்லை. முட்டி வலி என்று சொல்லிவிடுவார். முட்டியில் ஒரு கோளாறும் கிடையாது, மாடிப் படிக்கட்டில் இப்போதும் தாவி ஏறுவார்.

3

அத்தா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா, கீழக்கரைப் பக்கத்திலிருந்து கப்பல் வேலைக்கு மெட்ராஸ் வந்தவர். அவர் பேச்சு எங்களிடம் தங்கவில்லை, நாங்கள் வடசென்னைப் பிள்ளைகளாகவே வளர்ந்தோம். ஆனால் அவர் கொண்டுவந்த சஹன் சாப்பாடு மட்டும் போகவில்லை. ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து கையால் எடுத்துச் சாப்பிடுவது. நிக்காஹ் அன்று முதல் சஹனில் மாப்பிள்ளையின் அத்தாவும் பெண்ணின் அத்தாவும் சேர்ந்து உட்கார வேண்டும். யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. உட்காராவிட்டால் அடுத்த தலைமுறை வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

ரிஸ்வானாவுக்கு நிச்சயமானதும் அண்ணன் போன் செய்தார். மாப்பிள்ளையின் அத்தா காதர் பாய், வண்ணாரப்பேட்டையில் மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். அவர்களும் கீழக்கரைப் பக்கத்துக் குடும்பம்தான். இதையெல்லாம் சுற்றிச் சுற்றிச் சொல்லிவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"சஹன்ல எனக்கு பதிலா நீ குந்திக்கோ நஸீரு. அத்தனை பேரு எதுக்க எம் பொண்டாட்டி வந்து ஊட்டிவுட முடியுமா? நா உடம்பு சரியில்லன்னு படுத்துக்கறேன்."

மகள் கல்யாணத்தில் படுத்துக்கொள்கிறேன் என்று ஒரு மனுஷன் சொல்கிறார். எனக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையாகவும் வந்தது. நான் விற்கிற சாமானே இதுதானே அண்ணே, நான் கொண்டுவருகிறேன், நீங்கள்தான் உட்காருகிறீர்கள் என்று பெரிய வாயாகச் சொல்லிவிட்டு வைத்தேன்.

மறுநாள் கடைப் படிவத்தை எடுத்து அண்ணனுக்காக நானே நிரப்பினேன். பலமான கை, இடது. வலது கைப் பிடிப்பு, பலவீனம். மணிக்கட்டு, திரும்பாது. இதற்கென்றே ஒரு ஸ்பூன் உண்டு. கொழுத்த ரப்பர் பிடி, கழுத்தில் ஒரு வளைவு. கை திரும்பாவிட்டாலும் ஸ்பூன் வாய்ப்பக்கம் திரும்பி நிற்கும். இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். பலமான கைக்குத்தான் ஸ்பூன் என்று பழகிப்போய், இடது கை ஸ்பூனை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். நல்ல கைக்குச் சாதா ஸ்பூனே போதும் என்றுகூட உறைக்கவில்லை.

படிக்கிறவர்களில் பாதிப் பேர் இப்போதே தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை, அதுதான் வேடிக்கை. என் மகள் சஃபியா பிறவியிலேயே இடது கைக்காரி. அவளுக்கு மூன்று வயதில் நான் ஸ்பூனை வலது கைக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது, கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். ஒரு மணி நேரம் டச்சு மொழியில் மரியாதையாகத் திட்டு வாங்கினேன். பதில் சொல்லப் போய், வயதான அந்த டீச்சரை நீ, வா, போ என்று பேசிவிட்டேன். அவர்கள் மொழியிலும் நீ, நீங்கள் உண்டு. எனக்குத்தான் அவசரத்தில் எது எதுவென்று பிடிபடாது. அன்றோடு விட்டுவிட்டேன். சஃபியா இடது கையால் எழுதி, இடது கையால் சாப்பிட்டுப் பதினாறு வயதைத் தொட்டுவிட்டாள். தினம் எதிரில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, இடது கை என்றால் என்ன என்பதே என் புத்தியிலிருந்து போய்விட்டது.

4

சஃபியாவையும் கூட்டிக்கொண்டு போனேன். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி பொத்தான் கொக்கியைத் தூக்கிப் பிடித்து இது எதற்கு என்றார். என் சட்டைப் பொத்தானை அவிழ்த்து, கொக்கியால் மாட்டிக் காட்டினேன். அவர் வாங்கி, தன் சட்டையிலும் ஒருதரம் மாட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் அப்பாவுக்கும் கை நடுங்கும் சார் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் பெட்டியைத் திறந்ததும் திருவிழாதான். அண்ணி மூடி திறக்கும் ரப்பரை எடுத்துக்கொண்டு, அடுப்படியில் இருந்த அத்தனை டப்பாவையும் திறந்து மூடினார். அண்ணன் கொக்கியைக் கட்டைவிரல் இடுக்கில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஜிப்பாவின் மூன்று பொத்தானையும் தானே போட்டார். ரிஸ்வானா கை தட்டினாள். நான் பெருமையாக, கடைசியாக, ஸ்பூனை எடுத்து அவர் இடது கையில் கொடுத்தேன்.

வாங்கினார். ஒருதரம் வாய்க்குக் கொண்டுபோனார். கச்சிதமாகப் போனது. அப்புறம் அவர் முகம் மாறியது.

"இன்னாடா, பீச்சாங்கையால துன்னச் சொல்றியா? சஹன்ல? நாலு பேரு கை வெக்கிற சோத்துல?"

எனக்கு உச்சந்தலையில் அடித்தது போல் இருந்தது. கழுவுகிற கை. சோற்றில் படக் கூடாத கை. அந்த வீட்டில்தான் பிறந்தேன், அந்தக் கை சோற்றில் பட்டதற்கு அத்தாவிடம் அறை வாங்கியிருக்கிறேன். நான் எப்படி மறந்தேன்?

சஃபியா சும்மா இருந்திருக்கலாம். அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது, என் ரத்தம். "பெரியப்பா, நான் லெஃப்ட்லதான் சாப்பிடுறேன். நான் அழுக்கா?" என்றாள், அவளுடைய உடைந்த தமிழில்.

அவள் கேட்டதில் தப்பில்லை, அவர் சொன்னதிலும் எனக்குத் தப்புத் தெரியவில்லை. அண்ணன் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"நீ பொறந்ததே அப்டி கண்ணு, அல்லா குடுத்த கை. எனக்கு அம்பத்தெட்டு வருசமா சோறு இந்தக் கைல. உசுரோட கீது, பலந்தான் இல்ல. அத்த ஓரங்கட்டிட்டு துன்ன மனசு வர்ல."

சஃபியா அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அண்ணன் ஸ்பூனைத் துணியில் சுற்றி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வலது கை ஸ்பூனை வரவழைக்க நாள் இல்லை, நிக்காஹுக்கு நாலே நாள்தான். நீயே குந்திக்கோடா, அதான் சரி என்றார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை, பயண அலுப்பு என்று சொல்லிவிட்டேன்.

5

காலையில் அண்ணியே கூப்பிட்டார். அந்த வளைவை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் வலது கைக்கு ஆகாதா என்றார். கடையில் ஏழு வருஷம் நின்றவனுக்குத் தோன்றாதது. இது வளைக்கிற ஜாதி இல்லை அண்ணி, உடைந்துவிடும் என்றேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். இரும்பு மார்க்கெட்டுக்காரன் வீட்டில் வந்து இரும்பு வளையாது என்கிறாயா என்று அதற்கு அர்த்தம்.

அண்ணனைத் தள்ளிக்கொண்டு போகாத குறையாகச் சாத்தாங்காட்டுக்குக் கூட்டிப் போனோம். விபத்துக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. வழியெல்லாம் டிரெய்லர் லாரி, புழுதி. மார்க்கெட் உள்ளே ஆளுக்கு ஆள் அவரை மேஸ்திரி, மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். துரையின் பட்டறை கடைசியில் இருந்தது. துரை வியாசர்பாடிக்காரர், அண்ணனோடு இருபது வருஷம் வேலை பார்த்தவர், கேட் வெல்டிங் செய்கிறார். நான் ஸ்பூனை நீட்டி, மணிக்கட்டு, கோணம், எஃகு என்று விளக்க ஆரம்பித்தேன்.

"இதுக்கு இன்னாத்துக்கு மாமு இவ்ளோ பேஜாரு? குடு இப்டி" என்றார் துரை.

ரப்பர் பிடியில் கந்தல் துணியைச் சுற்றி வைஸ் இடுக்கியில் இறுக்கினார். ஸ்பூனின் கழுத்தில் ஒரு சின்ன பைப்பை மாட்டி, எதிர்ப்பக்கம் கொஞ்சம் அழுத்தினார். கழற்றி அண்ணன் வலது கையில் கொடுத்து, வாய்க்குக் கொண்டுபோகச் சொன்னார். மூக்கில் போய் முட்டியது. மறுபடி வைஸ், மறுபடி ஒரு அழுத்து. இந்தத் தடவை தாடையில். துரை அலுத்துக்கொள்ளவே இல்லை, கேட்டுக்கு அளவெடுப்பது மாதிரி அண்ணன் கையையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். ஏழாவதோ எட்டாவதோ தடவை வெறும் ஸ்பூன் நேராக உதட்டில் வந்து நின்றது. எங்கள் கடைச் சாமான்கள் எல்லாருக்கும் பொதுவாகச் செய்தவை. இது ஒருத்தருக்கென்று செய்தது.

துரை தன் டிபன் கேரியரைத் திறந்து, ஒரு வாய் துன்னு பாரு என்று நீட்டினார். அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார். அங்கே நின்றவர்கள் அத்தனை பேரும் கையால் அவரோடு ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். அவர்கள் எதிரிலும் அவருக்குத் தைரியம் வரவில்லை. மூன்று நாளும் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார். எப்படி என்று அண்ணியிடம் கேட்டேன். நாலு வாய்க்கு ஒரு வாய் கொட்டுகிறது, ரொம்ப நேரம் ஆகிறது, உட்காருவாரா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை என்றார்.

6

வண்ணாரப்பேட்டையில் ஹால். நிக்காஹ் முடிந்து, மேல்மாடியில் பாய் விரித்து, சஹன் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணனைக் காணோம். தேடிப் போனால் படிக்கட்டுத் திருப்பத்தில், ஜிப்பா பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு, போகிற வருகிறவர்களுக்கு ஸலாம் சொல்லிக்கொண்டு நின்றார். அவர் தோளில் கை வைத்தேன். "கொட்டிச்சின்னா?" என்று கேட்டார். கொட்டட்டும் அண்ணே என்றேன். மேலே ஏறினார்.

முதல் சஹன். காதர் பாய், அவருடைய அண்ணன், நான், ரஹீம் அண்ணன். நெய்ச்சோறு, கறி, தால்ச்சா. பிஸ்மி சொல்லிக் கையை வைத்தோம். அண்ணன் பாக்கெட்டிலிருந்து ஸ்பூனை எடுத்தார். பக்கத்துச் சஹன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதல் ஸ்பூன் பாதிக்குமேல் தட்டிலேயே விழுந்தது. மூன்று பருக்கை ஜிப்பாவில்.

காதர் பாய் நல்ல மனுஷர். சட்டென்று தன் பக்கத்துச் சோற்றைக் கறியோடு பிசைந்து, ஒரு கவளம் உருட்டி, வாங்க சம்பந்தி என்று அண்ணன் வாய்க்கு நேராக நீட்டிவிட்டார். அன்பாகத்தான். முந்நூறு பேர் பார்க்க.

அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"கை கீது சம்பந்தி. கொஞ்சம் லேட்டாவும். நீங்க துன்னுங்க."

சொல்லிவிட்டு, ஸ்பூனால் சஹன் நடுவில் இருந்த நல்ல நெஞ்செலும்புத் துண்டு ஒன்றை மெல்ல நகர்த்தி நகர்த்தி, காதர் பாய் பக்கம் தள்ளினார். விருந்தாளி பக்கம் கறியைத் தள்ளுவது எங்களில் பெண் வீட்டார் செய்கிற வேலை. காதர் பாய், தான் நீட்டிய கவளத்தைத் தானே வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு, ஜஸாக்கல்லாஹ் என்று நன்றி சொன்னார்.

அதற்குப் பிறகு அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. எடுப்பார், கொண்டுபோவார், மெல்லுவார். கொட்டினதைச் சஹன் ஓரத்தில் சேர்த்துவிட்டு மறுபடி எடுப்பார். பக்கத்துச் சஹன்காரர்கள் முடித்து எழுந்து போனார்கள். நாங்கள் மூன்று பேரும் முடித்துவிட்டோம். ஆனால் சஹனில் கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, முடித்துவிட்ட மாதிரிக் காட்டிக்கொள்ளவும் கூடாது. காதர் பாய் எப்போதாவது ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவருடைய அண்ணன் ஒரே எலும்பை அரை மணி நேரமாகக் கடித்துக்கொண்டிருந்தார். படிக்கட்டில் அடுத்த பந்திக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பரிமாறுகிறவர் இரண்டு தடவை கை கழுவும் தண்ணீரோடு வந்தார், காதர் பாய் கண்ணாலேயே அவரைத் திருப்பி அனுப்பினார். என் கை காய்ந்து விறைத்துப் போயிருந்தது.

அண்ணன் பக்கத்துச் சோறு மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் தட்டின் வெள்ளை தெரிந்தது. அண்ணன் ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை. நெற்றியில் வியர்வை. நிமிர்ந்து எங்கள் மூன்று பேரையும், காலியான பாய்களையும், தண்ணீரோடு நின்ற ஆளையும் பார்த்தார். அந்த ஆளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இங்க இன்னும் கொஞ்சம் சோறு வைப்பா" என்றார்.

சோறு வந்தது. காதர் பாய் காய்ந்த கையைத் தால்ச்சாவில் நனைத்துக்கொண்டு, தன் பக்கத்தில் முதலிலிருந்து பிசைய ஆரம்பித்தார்.